காதால் கற்கும் எழுத்து: குழந்தைக்கு வாசித்துக் காட்டுதலும் நம் சிறுவர் நூல்களும்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "பிள்ளைங்க தமிழ் நல்லா பேசும், எழுதப் படிக்கத்தான் தெரியாது" என்பார்கள். சொல்லும்போது பாதி வருத்தம், பாதி ஆறுதல். பேச்சு இருக்கிறதே, எழுத்தை லீவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் போச்சு என்பது அந்த ஆறுதல். அது சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சரியில்லை என்பது என் முடிவு. தமிழில் பேசும் மொழி ஒன்று, புத்தகத்தில் இருக்கும் மொழி இன்னொன்று. புத்தக மொழியை ஒருநாளும் காதால் கேட்டிராத பிள்ளைக்கு எழுத்துகள் எல்லாம் தெரிந்தாலும் புத்தகம் திறக்காது. தமிழ்நாட்டுப் பிள்ளையின் காதில் அந்த மொழி பள்ளியிலும் மேடையிலும் செய்தியிலும் தானாக விழுந்துவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் பெரியவர்கள் புத்தகத்தைக் கையில் எடுத்து வாய்விட்டு வாசித்துக் காட்டினால்தான் உண்டு. அப்படியானால் எதை வாசிப்பது, எப்படி வாசிப்பது, நம் சிறுவர் நூல்கள் வாய்விட்டு வாசிக்கத் தகுந்தவையா என்ற கேள்விகள் எழுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வித்துராவில் இரண்டு வீடுகள்

எடுத்துக்காட்டுக்கு எனக்குப் பழக்கமான ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி பார்க்கப் போகிறவர்கள் வித்துராவைத் தாண்டித்தான் போக வேண்டும். நெடுமங்காடு வட்டத்தில், மலை அடிவாரத்தில் உள்ள ஊர். இங்கே தமிழர் இரண்டு வழியாக வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவர்கள் பொன்முடி, போனக்காடு தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த தென்மாவட்டக் குடும்பங்கள். தோட்டத் தொழில் நொடித்துப்போன பிறகு பலர் கீழே இறங்கி வேறு பிழைப்புப் பார்க்கிறார்கள். பிந்தி வந்தவர்கள் படித்த வேலைக்காரர்கள். 2008-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஐசர் என்னும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் பின்னர் வித்துராவில்தான் நிரந்தர வளாகம் கட்டிக்கொண்டது. நெடுமங்காட்டுக்குப் பக்கத்தில் வலியமலையில் விண்வெளித் துறையின் மையமும் இருக்கிறது. இவற்றை நம்பித் தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் உண்டு.

நான் போய்ப் பழகிய வீடுகளில் கண்டதைச் சொல்கிறேன். தோட்டத்து வழி வந்த வீட்டில் ஆச்சி இருக்கிறாள். அவளிடம் கதை உண்டு, விடுகதை உண்டு, தாலாட்டு உண்டு, கோபம் வந்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் பழமொழி வரும். ஆனால் வீட்டில் தமிழ்ப் புத்தகம் என்று பார்த்தால் நாள்காட்டித் தாள்தான். வளாகத்து வீட்டில் புத்தக அலமாரியே இருக்கிறது. பிள்ளை தூங்கப் போகுமுன் அப்பாவோ அம்மாவோ தவறாமல் படக்கதை வாசிக்கிறார்கள், ஆங்கிலத்தில். தமிழ் எதற்கென்றால் "சாப்ட வா", "பல்லு தேச்சியா", "போதும் படு" என்பதற்கு. ஒரு வீட்டில் சொல் இருக்கிறது, நூல் இல்லை. மற்ற வீட்டில் வாசிக்கும் பழக்கம் இருக்கிறது, அதில் தமிழுக்கு இடமில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தமிழில் எழுத்தறியாமலே வளர்கிறார்கள். வித்துராவைப் பற்றிச் சொன்னாலும், மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கும் அன்பர்களுக்கும் இந்த இரண்டு வீடுகளும் தெரிந்தவையாகத்தான் இருக்கும்.

வாசித்துக் காட்டினால் என்ன நடக்கிறது?

சிறு பிள்ளைக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது மேல்நாட்டில் இன்று மருத்துவர்களே சொல்லும் அறிவுரையாகிவிட்டது. அமெரிக்காவில் 1985-இல் வெளிவந்த ஒரு கல்விக்குழு அறிக்கை, பின்னாளில் படிப்பில் தேறுவதற்கு வேண்டிய அறிவைக் கட்டும் செயல்களில் வாசித்துக் காட்டுவதே தலையாயது என்றது. பாஸ்டன் நகர மருத்துவமனையில் 1989-இல் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர்கள் மருந்துச் சீட்டோடு கதைப் புத்தகமும் கொடுக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1992-இல் கைக்குழந்தைகளுக்கே புத்தகப் பை கொடுக்கும் திட்டம் பிறந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல் இதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது.

ஆனால் இதன் அளவையும் தெரிந்துகொள்ள வேண்டும். வாசித்துக் காட்டினால் பிள்ளை தானாக எழுத்துக் கற்றுக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் ஏமாறுவார்கள். கதை கேட்கும் பிள்ளையின் கண் பெரும்பாலும் படத்தின் மேலேயே இருக்கிறது, எழுத்தின் பக்கம் அரிதாகவே போகிறது என்று கண்ணின் ஓட்டத்தை அளந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. கனடாவில் செனெஷால், லெஃபேவ்ர் என்ற இருவர் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. கதை கேட்பதால் சொல்வளமும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் வளர்கின்றன. எழுத்தறிவு வளர்வது பெற்றோர் எழுத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பதால். மூன்றாம் வகுப்பில் நன்றாகப் படிக்க இரண்டும் வேண்டும். நாம் செய்வது என்ன? லீவில் அ, ஆ எழுத வைக்கிறோம். இரண்டாவது கால் மட்டும் இருக்கிறது. முதல் காலைக் காணோம். ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் நடக்க முடியும்?

பேச்சும் எழுத்தும்

ஒரே மொழியில் வீட்டுக்கு ஒரு வடிவம், ஏட்டுக்கு ஒரு வடிவம் என்று இருப்பதைப் பற்றி அமெரிக்க மொழியியலாளர் பெர்குசன் 1959-இல் எழுதிய கட்டுரை பெயர்பெற்றது. அவர் முக்கியமாக எடுத்துக்கொண்ட மொழிகளில் அரபி ஒன்று. தமிழும் அந்த வகைதான் என்பதை நமக்கு யாரும் ஆய்ந்து சொல்ல வேண்டியதில்லை. "நரி வந்துச்சு, மேல பாத்துச்சு" என்று பேசுகிறோம். "நரி வந்தது, மேலே பார்த்தது" என்று எழுதுகிறோம். பெரியவர்களான நமக்கு இது ஒரு படி இறங்கி ஏறுவது போல. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது மதில்.

இந்த மதிலை என்ன செய்வது? நம்மில் மிகப் பலர் செய்வது, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வரிகளைப் பேச்சுக்கு மாற்றிச் சொல்லிவிடுவது. "பிள்ளைக்கு அப்பத்தான் புரியும்" என்பது காரணம். அன்பான காரணம்தான். ஆனால் அப்படிச் செய்யும்போது நடப்பது கதை சொல்லல். வாசித்துக் காட்டல் அல்ல. ஆச்சி புத்தகமே இல்லாமல் நம்மைவிட அழகாகச் செய்வதை நாம் புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்கிறோம், அவ்வளவுதான். எழுத்து மொழி பிள்ளையின் காதில் விழவேயில்லை.

இங்கே அரபி உதவிக்கு வருகிறது. இஸ்ரேலில் அரபி பேசும் மழலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலக்கிய அரபியில் எழுதிய கதைகளை மாதக் கணக்கில் நாள்தோறும் வாசித்துக் காட்டி, டீனா ஃபைடல்சன் என்ற அறிஞரும் உடன் ஆய்ந்தவர்களும் 1993-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கதை கேட்ட பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட, கேட்டுப் புரிந்துகொள்வதிலும் மொழியைத் தாங்களே எடுத்தாள்வதிலும் முன்னே நின்றார்கள். ஏட்டு மொழி சின்னப் பிள்ளைக்கு ஏறாது என்ற பெரியவர்களின் எண்ணம் அங்கே நிற்கவில்லை. தமிழிலும் அது நிற்காது என்று நான் நினைக்கிறேன். இராமாயணமும் நாலாயிரமும் கேட்டு வளர்ந்த பாமர மக்கள் நம்மிடையே எத்தனை பேர் இருந்திருக்கிறார்கள்!

"அப்படியானால் சிறுவர் நூல்களைப் பேச்சுத் தமிழிலேயே எழுதிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எந்தப் பேச்சில் எழுதுவது? வித்துராவில் தோட்டத்து வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு. வளாகத்தில் ஒரு வீட்டில் தஞ்சாவூர், அடுத்த வீட்டில் கோயம்புத்தூர். நாகர்கோயில்காரர் பிள்ளையை "மக்களே" என்று கூப்பிட்டால் சென்னைக்காரர் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைக்கிறார். இத்தனை வீட்டுக்கும் பொதுவாக இருப்பது எழுத்துத் தமிழ் ஒன்றுதான். அதை விட்டுவிட்டால் பிள்ளைகள் பாரதியையும் படிக்க முடியாது, பஸ்ஸில் போட்டிருக்கும் அறிவிப்பையும் படிக்க முடியாது.

மலையாளப் பள்ளியும் தமிழ்க் காதும்

கேரளத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு சிக்கல் தனியாக உண்டு. இது பலர் கவனியாதது. மலையாளத்தில் ககர வருக்கத்துக்கு மட்டும் நான்கு எழுத்துகள். தமிழில் ஒன்றே ஒன்று. 'பக்கம்', 'பகல்', 'தங்கம்' ஆகிய மூன்று சொல்லிலும் நாம் எழுதுவது ஒரே 'க'. ஒலிப்பது மூன்று விதம். 'பச்சை', 'பசி', 'பஞ்சு' என்பவற்றில் ஒரே 'ச', அதற்கும் மூன்று ஒலி. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதற்கு ஒழுங்கு உண்டு. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் நாம் யாரும் அந்த ஒழுங்கைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. காது சொல்லிக்கொடுத்தது. ஒலிக்கு ஓர் எழுத்து என்று பள்ளியில் படித்துவிட்டு வரும் பிள்ளை தமிழைத் தனியாக வாசித்தால் 'பகல்' என்பதில் வரும் ககரத்தைப் 'பக்கம்' என்பதில் வருவதுபோல அழுத்திப் படிக்கிறது. தப்பு பிள்ளையுடையது அல்ல. அந்தச் சொல்லை எழுத்தோடு சேர்த்து அது கேட்டதில்லை.

ஊர்ப்பெயரையே பாருங்கள். மலையாளத்தில் ஒற்றைத் தகரம்தான். தமிழில் அப்படியே 'விதுரா' என்று எழுதினால் பாரதத்து விதுரன் பெயர்போல மெலிந்துவிடும். வல்லோசை போகாமலிருக்க ஒற்றுப் போட்டு 'வித்துரா' என்று எழுதுகிறோம். தமிழ் எழுத்தின் இயல்பு முழுவதும் இந்த ஒரு பெயருக்குள் இருக்கிறது. பத்து நாள் பாடம் நடத்தி இதை விளக்கலாம். ஒரு கதையைப் பத்து நாள் வாசித்துக் காட்டினால் விளக்காமலே வந்துவிடும்.

வினைமுற்றும் அப்படித்தான். மலையாளத்தில் நான் வந்தாலும், அவள் வந்தாலும், மாடு வந்தாலும் 'வந்நு' என்ற ஒரே வடிவம் போதும். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தார், வந்தது என்று ஆளுக்கு ஒரு விகுதி. நம் பிள்ளைகள் பேச்சில் இந்த விகுதிகள் மெல்ல மெல்லத் தேய்வதை நான் கேட்டுவருகிறேன். "அம்மா கடைக்குப் போயி" என்று நிறுத்திவிடுகிறார்கள். கதையில் அரசன் வந்தான், அரசி வந்தாள், யானை வந்தது என்று வரிக்கு வரி விகுதி வரும். அதைவிட நல்ல இலக்கண வகுப்பு ஏது?

வாசிப்பதைக் கேட்பது நமக்குப் புதிதா?

வாசித்துக் காட்டல் வெள்ளைக்காரர் கண்டுபிடித்த புதுமை என்று நினைக்க வேண்டாம். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை போன்ற நூல்கள் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பதற்காகவே அச்சானவை என்று சொல்லலாம். குமரி மாவட்டத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் அய்யாவழி அன்பர்கள் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு நடத்துகிறார்கள். கேரளத்தில் கர்க்கடக மாதம் முழுவதும் வீட்டுத் திண்ணையில் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு ஒலிக்கிறது. கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரைப் பத்திரிகை வாசிக்கச் சொல்லிவிட்டு அவர் பங்குப் பீடியைத் தாங்கள் சுற்றிக் கொடுப்பது வழக்கமாயிருந்தது. 1945-இல் 47 நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தொடங்கிய பி. என். பணிக்கர் மறைந்த ஜூன் 19 இன்று வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1991 ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கேரளம் அறிவித்துக்கொண்டதன் பின்னே இப்படிப்பட்ட பழக்கங்கள் இருந்தன.

கேட்டு வளர்ந்த பெரியோருக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் நம் பக்கத்திலேயே ஒருவர் உண்டு. தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்ததால் அவர் பள்ளியில் கற்றது மலையாளம். தமிழை அவருக்கு ஊட்டியவர் பள்ளிக்கு வெளியே, வாணன்திட்டு மடத்தில் இருந்த சாந்தலிங்கத் தம்பிரான். பின்னாளில் திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியிலும் ஆசிரியராக இருந்தார். தமிழ்க் குழந்தைகளின் முதற்பெருங் கவிஞர்களில் ஒருவர், நம் பிள்ளைகளைப் போலவே மலையாளப் பள்ளிக்குப் போன பிள்ளை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நூல்கள் வாய்க்கு வருகின்றனவா?

இனி நூல்களைப் பார்க்கலாம். சிறுவர் நூலுக்கு நான் வைக்கும் சோதனை எளியது. வாய்விட்டு வாசிக்க வேண்டும். மூச்சு முட்டாமல், நாக்குத் தடுக்காமல், பிள்ளை எழுந்து ஓடாமல் ஒரு பக்கம் போகிறதா? மறுநாளும் அதையே கேட்கிறதா?

கவிமணி இச்சோதனையில் முதலிடம் பெறுகிறார். 1938-இல் வெளிவந்த 'மலரும் மாலையும்' தொகுப்பிலுள்ள அவருடைய குழந்தைப் பாடல்களைப் பெரும்பாலும் பொருளுக்காகவே புகழ்கிறோம். எனக்கு அவற்றின் மொழிதான் வியப்பு. பசுவையும் கன்றையும் பற்றிய பாட்டில் வினையைக் 'கிறது' என்று முடிக்காமல் பேச்சில் வருவதுபோல் 'உது' என்று முடிக்கிறார். மற்றச் சொற்கள் நல்ல எழுத்துத் தமிழ். ஒரே வரியில் வீடும் ஏடும் கைகோத்து நிற்கின்றன. பிள்ளைக்குத் தெரிந்த விகுதியைப் பிடித்துக்கொண்டு தெரியாத சொல்லுக்குப் போகலாம். மொழியியல் பேசாமலே மதிலில் ஒரு வாசல் வைத்துவிட்டார்.

அழ. வள்ளியப்பா (1922–1989) தாளத்தில் இவரையும் மிஞ்சுகிறார். ஒரே சொல்லை அடுக்கி அடுக்கிச் செல்லும் அவர் உத்தி, எழுத்துக் காட்டிச் சொல்லிக்கொடுக்கவும் தோதானது. ஐந்தாம் முறை அதே சொல் வரும்போது விரலை வைத்துக் காட்டினால் பிள்ளை தானே படித்துவிடும். குறை சொல்வதானால், சில பாடல்களில் கடைசியில் அறிவுரை வந்து தாளத்தைக் கெடுத்துவிடுகிறது. பிள்ளை அந்த இடத்தில்தான் நெளிகிறது.

உரைநடைக்கு வருவோம். 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வை நம் தலைமுறை மறக்காது. அதன் நடை நீண்டது. "என்று கூறிவிட்டுச் சென்றான்" என்று மடித்து மடித்துப் போகும். நான்கு வயதுக்கு அது பாரம். ஏழு வயதுக்குச் சரியான தீனி. ஆனால் அதில் வந்த விக்கிரமாதித்தன் கதைகளில் ஓர் அரிய அமைப்பு இருக்கிறது. கதை முடிந்ததும் வேதாளம் கேள்வி கேட்கிறது. பதில் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாசிப்பவர் அங்கே நிறுத்தி, "நீ என்ன சொல்லுவே?" என்று கேட்டால் வீட்டில் ஒரு விவாதமே நடக்கும். வாசிக்கும்போது பிள்ளையிடம் கேள்வி கேட்டு அதையும் கதைசொல்லியாக்க வேண்டும் என்று வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளர் 1988-இல் ஆய்ந்து சொன்னார். நம் வேதாளம் அதை எப்போதோ செய்துவிட்டது.

இப்போது வரும் நூல்களில் அழகுக்குக் குறைவில்லை. 1996-இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழிலும் மலையாளத்திலும் பிற மொழிகளிலும் படக்கதைகள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகளை இலவசமாகவே எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். ஒரே கதை தமிழிலும் மலையாளத்திலும் கிடைப்பது கேரளத்துப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய வசதி! இன்று தெரிந்த கதையை நாளை மற்ற மொழியில் கேட்கலாம்.

ஆனாலும் சந்தையில் கிடைக்கும் பல நூல்களில் மூன்று குறைகளைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். முதலாவது, மொழிபெயர்ப்பின் முடிச்சு. "காட்டின் நடுவே இருந்த பெரிய மரத்தின் உச்சியில் வசித்துவந்த சின்னஞ்சிறு நீலநிறப் பறவை" என்ற மாதிரி வாக்கியம் தொடங்கினால் பறவை வருவதற்குள் மூச்சுப் போய்விடும். தமிழ்க் கதையின் நடை வேறு: காட்டில் ஒரு மரம், மரத்தில் ஒரு பறவை, அதன் நிறம் நீலம். இரண்டாவது, யாரும் பேசாத பேச்சு. ஐந்து வயதுச் சிறுமி தன் தாயிடம், "அம்மா, நான் விளையாடச் செல்கின்றேன்" என்கிறாள். எந்த வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருக்கிறது? கதை நடப்பதை எழுத்துத் தமிழிலும் பாத்திரங்கள் பேசுவதைப் பேச்சுத் தமிழிலும் எழுதினால் பிள்ளைக்கு இரண்டும் அதனதன் இடத்தில் கிடைக்கும். பெரியவர்களின் நாவல்களில் எப்போதோ வந்துவிட்ட முறை இது. சிறுவர் நூலுக்கு மட்டும் ஏன் தயக்கம் என்று தெரியவில்லை. மூன்றாவது, நீதி. கதையில் நீதி இருக்கட்டும். கடைசியில் கட்டம் கட்டிப் போட வேண்டாம். பிள்ளையிடம் அடுத்த கதையைக் கேட்கும் ஆசையை அந்தக் கட்டம் அடைத்துவிடுகிறது.

எப்படி வாசிப்பது?

அச்சில் இருக்கும் வரியை இருக்கிறபடியே வாசிக்க வேண்டும். அதைப் பற்றிய பேச்சை வீட்டுத் தமிழில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த நாகர்கோயில்காரர் ஒருவர் தம் மகளுக்கு வாசிக்கும் முறையைச் சொன்னால் விளங்கும்.

"நரி மரத்தடிக்கு வந்தது. அண்ணாந்து பார்த்தது" என்று வாசிக்கிறார்.

"அண்ணாந்துன்னா என்னப்பா?"

"தலையத் தூக்கி மேல பாக்கது, மக்களே. எங்க, நீ அண்ணாந்து பாரு. ஃபேன் தெரியுதா? அதுதான்."

மறுபடி அதே வரியை, ஒரு சொல்லும் மாற்றாமல், 'நரி' என்ற சொல்லில் விரல் வைத்து வாசிக்கிறார். அவ்வளவுதான் வித்தை. புரியாத சொல் வந்தால் கதையை நிறுத்தலாம். சொல்லை மாற்றக் கூடாது. ஒரே கதையைப் பத்து முறை கேட்டால் சலிக்காமல் வாசிக்க வேண்டும். சலிப்பு நமக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. பக்கத்துக்கு ஒரு சொல்லிலாவது விரல் படட்டும். பிள்ளையின் கண் படத்திலிருந்து எழுத்துக்கு வர அது போதும். நாளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்க முடியாத வீடு கிடையாது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வாசிக்கும் குறுக்கு வழி இப்போது பரவிவருகிறது. பாட்டு மனப்பாடம் செய்ய அது உதவலாம்; எழுத்தறிவுக்கு உதவாது.

நம் சங்கம் செய்யக்கூடியது

வித்துராவின் இரண்டு வீடுகளுக்கு மீண்டும் வருகிறேன். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. இவற்றைச் சேர்த்துவைப்பது சங்கத்தின் வேலை. தோட்டத்து ஆச்சிமார் சொல்லும் கதைகளைக் கேட்டு எழுதிக்கொள்ள வளாகத்தில் ஆள் இருக்கிறது. கதையை எழுத்துத் தமிழிலும் ஆச்சியின் வசனத்தை அவள் பேச்சிலும் வைத்து, பதினாறு பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டால் இரண்டு வகை வீட்டுக்கும் பொதுவான புத்தகம் கிடைக்கும். ஆச்சியின் கதை புத்தகமாகிப் பேரப்பிள்ளை கையில் இருந்தால், எழுத்து என்பது யாரோ மேலிருந்து கொடுத்தது என்ற கூச்சமும் அந்த வீட்டை விட்டுப் போகும். பொன்முடிச் சரிவில் வாழும் காணிக்காரர் பிள்ளைகளுக்கும் பள்ளி மொழி வீட்டு மொழி அல்ல என்பதையும், அவர்களிடமும் பாட்டும் கதையும் நிறைய உண்டு என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கவிமணி 1954-இல் மறைந்தவர். அவர் நூல்களுக்கான பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. பாரதியின் படைப்புகள் அதற்கும் முன்பே பொதுவுடைமை. இவ்விருவரின் குழந்தைப் பாடல்களைப் படத்தோடு அச்சிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அச்சுச் செலவு மட்டுமே. ஆண்டு மலருக்கு நாம் செய்யும் செலவில் சிறு பங்கு போதும். ஊர் நூலகங்களில் பிள்ளைகளுக்கென்று பாலவேதி நடத்துகிறார்கள். ஜூன் 19 அன்று அங்கே மலையாளக் கதைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கதையும் வாசிக்க இடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஒரு தட்டு நிறையத் தமிழ்ச் சிறுவர் நூல்களை நாமே வாங்கிக் கொடுக்கலாம்.

பேச்சு இருக்கிறதே என்ற ஆறுதலைக் கடைசியாக ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எழுத்தில்லாத பேச்சு ஒரு தலைமுறை தாங்கும். அடுத்த தலைமுறைக்கு அது "சாப்ட வா" என்ற அளவில் சுருங்கும். அதற்கடுத்த தலைமுறைக்குப் பெயரில் மட்டும் தமிழ் இருக்கும். இதைத் தடுக்கப் பள்ளிக்கூடமோ அரசாணையோ வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அது வரும்வரை இன்று இரவு ஒரு புத்தகத்தை எடுத்து, இருக்கிறபடியே, வாய்விட்டு வாசியுங்கள்.